முதல் நகலுக்கு மூன்று சாவி

சுவிட்ச்சக்காவை வேலையைவிட்டுத் தூக்குவது என்று முடிவாகிவிட்டது. எதற்காகத் தூக்குவது என்பதுதான் மூன்று மாதமாக இழுபறியாக இருந்தது. கடைசியில் அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. அவள் அலுவலகத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

பிறந்தாலும் செத்தாலும், கல்யாணம் செய்தாலும் வீடு வாங்கினாலும், அதற்கொரு சான்றிதழ் வேண்டுமென்றால் எல்லோரும் வந்து நிற்கவேண்டிய இடம் அந்தச் சான்றிதழ்த் தலைமையகம். ஆறு மாடிக் கட்டடம். கீழே முந்நூறு பேர் கூடும் கூடம், அதில் நூற்றிருபது நாற்காலி, நாற்பத்தெட்டு கவுன்ட்டர். கவுன்ட்டர்களில் ஊழியர்களுக்கு முன்னால் இருப்பது வெறும் திரைகள்தான். வேலையெல்லாம் மூன்றாவது மாடியில், ஏசி அறையில் நிற்கும் ஒரு பெரிய இயந்திரத்துக்குள் நடக்கிறது. அதற்குள் உடம்பில்லாத கம்ப்யூட்டர்கள் நூறு இருக்கின்றன. எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் கவுன்ட்டரோடு பேசலாம், எது வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டும் என்று வழிவிட உள்ளே ஒரு சுவிட்ச். அதற்கும் உடம்பு கிடையாது. எந்த வழி திறந்திருக்கிறது, எந்த வழி மூடியிருக்கிறது என்கிற ஒரு பட்டியல்தான் அந்த சுவிட்ச்.

பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவள் நம் ஆள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒருமுறை அலுவலகச் சாமான்களுக்கெல்லாம் நம்பர் ஒட்ட வந்தவர்கள், "சுவிட்ச் எங்கேம்மா?" என்று கேட்டார்கள். தொட்டுக்காட்ட ஒன்றுமில்லை என்று அரைமணி நேரம் விளக்கினாள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சுவிட்ச்சுக்கான நம்பரை அவள் நாற்காலியின் முதுகில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவள் சுவிட்ச்சக்கா.

தினமும் மாலை ஐந்து மணிக்கு, பையைத் தோளில் மாட்டுவதற்கு முன்னால் அவள் ஒரு பேக்கப் எடுப்பாள். அன்றைய பட்டியல் அப்படியே ஒரு சின்ன ஃபைலாகப் பத்திரமாகிவிடும். நாளைக்கு யாராவது எதையாவது கெடுத்துத் தொலைத்தால், நேற்று இருந்தபடி திரும்பக் கொண்டுவந்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. வீட்டைப் பூட்டியபின் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரிதான் அவளுக்கு.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த காரியத்துக்குள் இரண்டு வருடம் முன்னால் ஒரு குழு வந்து உட்கார்ந்தது. காப்பு நகல் மற்றும் மீட்பு உயர்நிலைக் குழு. பேரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஒரு பேக்கப் எடுத்துவிடுவாள். குழுவில் மூன்று பேர். தலைவர், சட்ட அதிகாரி, அவளுக்கு நேர் மேலதிகாரியான கண்காணிப்பாளர். மூன்று பேருக்கும் அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரியாது. ஆனால் அதைப் பற்றி முப்பத்தொரு கூட்டம் போட்டிருந்தார்கள்.

குழுவின் திறப்பு விழாதான் இந்தக் கதைக்கு மூலம். தலைவர் முதல் மாடிக் கூட்ட அறையில் உட்கார்ந்து பேசுவதைக் கட்டடத்திலுள்ள எல்லாத் திரையிலும் காட்டவேண்டும் என்று உத்தரவு. திரையில் பேச்சு நடுவில் விக்கி நின்றுவிடக் கூடாது என்பதற்காக, முற்பகல் முழுவதும் நாற்பத்தெட்டு கவுன்ட்டர் வழியையும் மூடச் சொன்னார்கள். திறந்திருந்தது ஒரே ஒரு வழி, கூட்ட அறையின் கேமராவிலிருந்தும் மைக்கிலிருந்தும் எல்லாத் திரைகளுக்கும் போகும் வழி. தலைவர் ஐம்பது நிமிடம் பேசினார். பேச்சின் உச்சத்தில், தன் சொந்த விரலால் பட்டனை அழுத்தி ஒரு பேக்கப் எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்கு முதல் நகல் என்று பேர் வைத்து, சிவப்புப் பெட்டியில் போட்டு, மூன்று பூட்டுப் போட்ட இரும்பு பீரோவில் வைத்தார்கள். ஆளுக்கொரு சாவி.

கை தட்டாதவள் இவள் ஒருத்திதான். விழா முடிந்ததும் தலைவரிடமே போய், இன்றைக்கு எல்லா வழியும் மூடிக் கிடக்கிறது, இந்த நகலை நாளைக்குப் போட்டால் எல்லாம் மூடித்தான் கிடக்கும், நாளைக்கு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று பணிவாகத்தான் சொன்னாள்.

"அம்மா, குழு எடுத்த நகல்தான் சரியான நகல். நாளைக்கு எடுக்கறது வெறும் பேக்கப்," என்றார் தலைவர்.

அவள் மூன்றாவது மாடிக்குப் போய், மூடியிருந்த நாற்பத்தெட்டு வழியையும் திறந்தாள். கூட்ட அறை வழியை மூடினாள். ஐந்து மணிக்கு வழக்கம்போல ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் பட்டியல் சிதைந்துவிட்டது. அவள் சனிக்கிழமை பேக்கப்பைப் போட்டாள். பத்தே நிமிடம், கவுன்ட்டர் திறப்பதற்குள் எல்லாம் சரி. கூடத்தில் நின்ற ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது. அவள் செய்த தப்பு அதுதான். இரண்டு நாள் எல்லாம் செத்துக் கிடந்திருந்தால் குழு கூடியிருக்கும், சாவிகள் வந்திருக்கும், தலைவர் பேசியிருப்பார். குழுவைக் கூப்பிடாமலே ஒரு மீட்பு நடந்துவிட்டதென்றால், குழு என்று ஒன்று எதற்கு என்று யாராவது கேட்டுவைத்தால்?

யாரும் கேட்பதற்கு முன்னால் குற்றப் பத்திரிகை வந்துவிட்டது. குழுவின் அனுமதியில்லாமல் ஐந்நூற்றுப் பதினொரு நகல்கள் வைத்திருந்தது. அனுமதியில்லாமல் மீட்டது. மூன்றாம் பக்கத்தில், நடுவில், திருட்டு என்ற வார்த்தை. அவள் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அலுவலகப் பேனா ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

விசாரணையில் சட்ட அதிகாரி மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க மீட்டதைக் குழு குறை சொல்லலைம்மா. மீட்கறதுக்கு உங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சு பாருங்க, அதுதான் குத்தம்."

ஒன்றும் இல்லாமல் எப்படி மீட்பது என்று அவள் கேட்டதற்கு, அது விசாரணைக்கு அப்பாற்பட்ட கேள்வி என்று பதிவு செய்தார்கள். பிறகு அவளுடைய ஐந்நூற்றுப் பதினொரு பேக்கப்பையும் சாட்சிகளுக்கு முன்னால் அழிக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மொத்தமாக அழிக்கலாமே என்றாள். கூடாதாம், ஒவ்வொன்றாக. கண்காணிப்பாளர் தேதியைச் சத்தமாக வாசிக்க, அவள் அழிக்க, சட்ட அதிகாரி டிக் போட, ஒன்றரை நாள் ஆனது. அவள் விரல்கள் அவளே வளர்த்த செடியை அவளே பிடுங்குகிற மாதிரி கூசின. முடிந்ததும், இவரிடம் இனி எந்த நகலும் இல்லை என்று குழு ஒரு சான்றிதழ் தயாரித்து, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றாள். அவள் கேட்டு அவர்கள் சந்தோஷமாகக் கொடுத்தது அது ஒன்றுதான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் பாஸ்வேர்டைக் கண்காணிப்பாளர் எழுதி வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்ட அறையில் கடைசி விசாரணை, அங்கேயே வேலைநீக்க உத்தரவு.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் பஸ் டிரைவர். ஷிஃப்ட் முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், அவள் ஒரே சட்டையை மூன்றாவது தடவை மடிப்பதைப் பார்த்தார். அவர்கள் இருந்தது அலுவலகக் குடியிருப்பில். வேலை போனால் பதினைந்து நாளில் வீடும் போகும். மகளுக்குப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான். அதெல்லாம் அவருக்கும் தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

"மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி குடுத்துப் பாரேன்," என்றார்.

"திருடினேன்னு ஒத்துக்கிட்டாதாங்க மன்னிப்பு. வேலை போனாப் போகுது, திருடின்னு சொல்லிட்டு அனுப்புறாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

"அப்ப விடாதே," என்றார் அவர். மடித்த சட்டையை வாங்கி அடுக்கில் வைத்தார்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கே கண்காணிப்பாளர் மூன்றாவது மாடிக்குப் போய்விட்டார். விசாரணைக்கு முன்னால் சுவிட்ச்சைச் சுத்தமாக்கிக் குழுவிடம் ஒப்படைக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. அவள் பாஸ்வேர்டைப் போட்டுப் பட்டியலைத் திறந்தார். ஒவ்வொரு வழிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்ட தேதி இருந்தது. கண்காணிப்பாளர் தேதிகளை மட்டும் படித்தார். முதல் நகலுக்குப் பிறகு தொடப்பட்ட எதற்கும் குழுவின் ஒப்புதல் இல்லை, எனவே அவை ஆக்கிரமிப்பு. கட்டடத்திலிருந்த ஒவ்வொரு வழியும் ஆக்கிரமிப்பாகவே இருந்தது. விழா முடிந்த அன்று பிற்பகலே அவள் எல்லாவற்றையும் தொட்டுத் திறந்தவளாயிற்றே. மனிதர் சளைக்கவில்லை. ஒன்று விடாமல் இடித்துத் தள்ளினார்.

கீழே நாற்பத்தெட்டு கவுன்ட்டரும் ஒரே நேரத்தில் ஊமையாயின. டோக்கன் நம்பர் காட்டுகிற திரைகள் கறுத்தன. கூடத்தில் இருந்தவர்கள் கொஞ்சநேரம் திரையைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

பத்து மணிக்குக் குழு கூடியது. தலைவருக்கு உள்ளுக்குள் குஷிதான். இரண்டு வருடமாகப் பூட்டியே கிடந்த பீரோவைத் திறக்க ஒரு நாள் வந்துவிட்டது. ஆனால் அவருடைய சாவி கார் டிரைவரிடம் இருந்தது, டிரைவர் தலைவரின் மகளைக் காலேஜில் விடப் போயிருந்தார். சட்ட அதிகாரியின் சாவி வீட்டில், மனைவியின் நகைப்பெட்டியில். கண்காணிப்பாளர் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்தார், ஆனால் அவர் சாவி கடைசிப் பூட்டுக்கு. மூன்று சாவியும் ஒன்றுசேரப் பகல் பன்னிரண்டு ஆனது. கூடத்தில் நாற்காலி இல்லாதவர்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள்.

சிவப்புப் பெட்டி மூன்றாவது மாடிக்கு வந்தது. அதை எப்படிப் போடுவது என்று மூவருக்கும் தெரியாததால், வேலைநீக்கத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார்கள். வந்தாள், நம்பர் ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள், காலி பட்டியலைப் பார்த்தாள். யார் செய்த வேலை என்று புரிந்தது. கண்காணிப்பாளர் ஏசியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதைப் போட்டா அந்த விழா அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் வரும். ஒரு எழுத்துகூட மாறாது," என்றாள்.

"அதுதாம்மா வேணும். ஒரு எழுத்து மாறினாலும் நீங்கதான் பொறுப்பு," என்றார் தலைவர்.

"அன்னிக்கே சொன்னேன் சார், அதுல வந்து..."

"நீங்க சொன்னது போதும்."

எழுதிக் கொடுங்கள் என்றாள். உடனே எழுதிக் கொடுத்தார்கள். முதல் நகலை எழுத்து மாறாமல் மீட்கவும், கூட்டவோ குறைக்கவோ பணியாளருக்கு அதிகாரம் இல்லை. மூன்று கையெழுத்து, மூன்று முத்திரை. இன்னொரு தடவை உடைத்துச் சொல்லியிருக்கலாம். அவள் நல்லவள்தான், சொல்லக்கூடியவள்தான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் அந்த வார்த்தை இருந்தது. அழுத்தினாள்.

மீட்பு வெற்றி என்று திரையில் பச்சையாக வந்தது. தலைவர் கை தட்டினார், மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். கவுன்ட்டர் ஓடுகிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பச்சையாக வந்துவிட்டதே. அவளைக் கீழே கூடத்தில் போய் உட்காரச் சொல்லிவிட்டு, உத்தரவு எழுதக் கூட்ட அறைக்குப் போனார்கள். விசாரணையைப் பதிவு செய்வதற்காகக் காலையிலேயே அங்கே கேமராவையும் மைக்கையும் போட்டு வைத்திருந்தார்கள், அது யாருக்கும் நினைவில்லை.

கூடத்தில் அவளுக்குச் சுவரோரமாக இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. அப்பா இறந்து பதினெட்டு நாளாகிறது, சான்றிதழுக்கு ஆறாவது தடவையாக வருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். எந்தக் கவுன்ட்டர் என்று கேட்டாள் சுவிட்ச்சக்கா. பதினேழு என்றாள். அப்போதுதான் திரைகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று வெளிச்சமாயின. டோக்கன் நம்பர் வரும் என்று எல்லோரும் எழுந்தார்கள். வந்தது தலைவரின் முகம். ஆறு மாடியிலும், எல்லாத் திரையிலும், நல்ல சத்தத்தோடு.

"இவ இல்லாட்டி இந்த ஆபீஸ் ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா இவளாலதான் ஓடுதுன்னு வெளிய தெரிஞ்சா, நமக்கு எதுக்கு ஒரு குழு, எதுக்கு ஒரு கார்?" என்றது முகம்.

கண்காணிப்பாளரின் குரல் கேட்டது. காலையில் அழித்தது தான்தான் என்றாலும், போட்டது அவள் பாஸ்வேர்ட், ஆகவே அவளே அழித்ததாகத்தான் பதிவாகியிருக்கும், கவலை வேண்டாம் என்றார். சட்ட அதிகாரி அதைப் பாராட்டினார். உத்தரவில் நாளைய தேதியைப் போட்டுவிட்டால் இன்றைக்கு நடந்ததும் அவள் தலையில் விடிந்துவிடும், அழித்துவிட்டு ஓடப் பார்த்தாள் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் அழகாக இருக்கும் என்றார். அழகு என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னார்.

"கீழே ஜனங்க காலையிலேர்ந்து நிக்கிறாங்களாமே," என்றார் கண்காணிப்பாளர், ஒப்புக்கு.

"நிக்கட்டும். நின்னு நின்னு பழகினவங்கதான். இன்னும் ரெண்டு நாள் நின்னா செத்தா போயிடுவாங்க?" தலைவர் சிரித்தார். "செத்தாலும் அதுக்கும் நம்மகிட்டதான்யா வந்து நிக்கணும்."

கூடத்தில் முந்நூறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தைக்காரிதான் முதலில் நகர்ந்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முதல் மாடிப் படியைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் ஒருவர், அவர் பின்னால் ஒருவர். யாரும் கத்தவில்லை, முண்டவில்லை. இந்தக் கட்டடம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது ஒன்றே ஒன்றைத்தான். அழகான வரிசை, கூட்ட அறைக் கதவிலிருந்து படி இறங்கி, கூடத்தைச் சுற்றி, வாசல் வரைக்கும். கவுன்ட்டர் ஊழியர்களும் வந்து கடைசியில் நின்றுகொண்டார்கள்.

கதவு திறந்தது. குழந்தைக்காரியின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"அப்பாவுக்கு வாங்க வந்திருக்கேன் சார். நின்னு பழகினவங்கன்னு சொன்னீங்க. இங்க உள்ளேயே நிக்கட்டுமா?"

தலைவர், யாரம்மா நீ, யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்று ஆரம்பித்தார். அவர் குரலே படிக்கட்டு வழியாகத் திரும்பி வந்து அவர் காதில் விழுந்தது. அந்த முகம் மாறியதை ஆறு மாடியும் பார்த்தது. கண்காணிப்பாளர் கேமராவுக்கு முதுகைக் காட்டினார், ஆனால் அவர் முதுகை இந்த அலுவலகத்தில் தெரியாதவர் கிடையாது. அடுத்த பத்தாவது நிமிடம் சுவிட்ச்சக்காவுக்கு ஆள் வந்தது.

அவள் வரிசையைத் தாண்டிப் போகாமல் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகி, நீங்க போங்கக்கா என்றார்கள். உள்ளே மூன்று பேருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலைவர் குரலை இறக்கி, பழைய பேக்கப் ஏதாவது ஒன்றைக் கண்ணில் காட்டக் கூடாதா, கெட்டிக்காரி நீ, ஒன்றாவது ஒளித்து வைத்திருப்பாயே என்று கெஞ்சினார். நல்ல மைக். இரகசியத்தையும் தெளிவாக எடுத்துக்கொண்டு போனது.

அவள் பையிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்து விரித்தாள். இவரிடம் இனி எந்த நகலும் இல்லை என்று வாசித்தாள். மூன்று கையெழுத்தையும் யார் யாருடையது என்று தனித்தனியாகச் சொன்னாள்.

"நீங்க குடுத்த சான்றிதழ்தான் சார். இந்த ஆபீஸ்ல அதுக்கு மேல என்ன இருக்கு? நீங்க சொல்ற மாதிரி நான் திருடியா இருந்திருந்தா, இன்னிக்கு நீங்க பிழைச்சிருப்பீங்க."

பேக்கப் இல்லை, ஆனால் நாற்பத்தெட்டு வழியும் தனக்கு மனப்பாடம், ஒவ்வொன்றாகக் கையால் திறக்கமுடியும் என்றாள். அதற்கு முன்னால் ஒரு காரியம். குற்றப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தைத் தலைவரே இங்கே நின்று வாசிக்கவேண்டும், அந்த வார்த்தையைத் தன் பேனாவால் அடிக்கவேண்டும், காலையில் அழித்தது யார் என்பதைத் தன் வாயால் சொல்லவேண்டும். சட்ட அதிகாரி, இதற்கு நடைமுறை என்ன என்று பார்த்துச் சொல்வதாக ஆரம்பித்தார். வரிசையில் இருந்தவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். அவ்வளவுதான், தலைவர் வாசித்தார்.

"இவர் திருடவில்லை," என்று முடித்தபோது அவர் குரல் விக்கியது. திறப்பு விழாவில் விக்கிவிடக் கூடாது என்றுதான் அத்தனை வழியையும் மூடச் சொன்னார், பாவம்.

அவள் மூன்றாவது மாடிக்கு ஏறினாள். முதலில் பதினேழாம் கவுன்ட்டரைத் திறந்தாள். கால்மணி நேரத்தில் குழந்தைக்காரி தன் அப்பாவின் சான்றிதழோடு வாசலைத் தாண்டினாள். இரவும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, நாற்பத்தெட்டும் முடிய மறுநாள் மாலை ஆனது. ஐந்து மணிக்கு பேக்கப் எடுத்தாள், பையை மாட்டினாள். வாசல் பஸ் ஸ்டாப்பில் புருஷன் ஓட்டுகிற பஸ் நின்றது. ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று அவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டதற்கு, வீட்டைக் காலி செய்யவேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் கண்காணிப்பாளர் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொல்வாள் என்று பார்த்தார், சொல்லவில்லை. எல்லா வழியும் சரியாகிவிட்டதே, கூட்ட அறையிலிருந்து திரைகளுக்குப் போகிற அந்த ஒன்று மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறதே, மூடிவிடலாமா அம்மா என்று கேட்டார்.

"எப்படி சார் மூடுறது? முதல் நகல்ல இருக்கற வழியாச்சே. கூட்டவோ குறைக்கவோ எனக்கு அதிகாரம் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க," என்று அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். "நாற்பத்தெட்டையும் திறக்கத் தலைவர் எல்லாருக்கும் முன்னாடி ஒத்துக்கிட்டாரு, இதுக்கு யாரும் சொல்லலையே. குழு கூடித் தீர்மானம் போட்டா, உடனே மூடிடறேன். உங்க விதிப்படி குழு அந்தக் கூட்ட அறையிலதானே சார் கூடணும்?"

குழு அதற்குப் பிறகு கூடவே இல்லை. இன்றைக்கும் கூடத்தில் டோக்கன் நம்பருக்குக் கீழே, திரையின் ஒரு மூலையில், அந்த அறை தெரிகிறது. நீள மேஜை, மூன்று காலி நாற்காலி. வரிசையில் நிற்பவர்கள் கால் வலிக்கிறபோது அண்ணாந்து அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள்.